ஹவுஸ் சர்ஜன் என்பவர் யார்? வார்டு வார்டாகச் சுற்றும் அந்த ஒரு வருடம்

எம்.பி.பி.எஸ். கடைசிப் பரீட்சை முடிவு வந்த அன்று பெரியம்மா போன் செய்து, "அப்போ டாக்டர் ஆயிட்டியா கண்ணு?" என்று கேட்டார். பாஸ் ஆகிவிட்டேன், இன்னும் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் இருக்கிறது என்றேன். "சர்ஜனா? இப்பவே ஆபரேஷன் பண்ண விட்டுடுவாங்களா?" என்று பதறிவிட்டார். பிள்ளைகள் மருத்துவம் படிக்கும் வீடுகளில் இந்தக் குழப்பம் சகஜம். அரசு ஆஸ்பத்திரியில் உறவினரைச் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு சந்தேகம் உண்டு: ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் எடுக்க வந்திருக்கும் இந்தச் சின்னப் பெண் டாக்டரா, ஸ்டூடண்டா, நர்ஸா? அவர்களுக்காகவும், கூடிய சீக்கிரம் முதல் டூட்டிக்குப் போகப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் சேர்ந்தது. எல்லாத் தேர்விலும் பாஸானாலும், அந்த 12 மாதத்தை முடித்தால்தான் பட்டம் கைக்கு வரும். துறை துறையாகச் சுற்றி வரும் இந்தக் கட்டாயப் பயிற்சியைத் தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்று சுருக்கிச் சொல்வோம். காகிதத்தில் சி.ஆர்.ஆர்.ஐ., வார்டில் ஹவுஸ் சர்ஜன், மற்ற மாநிலத்து நண்பர்கள் வாயில் இன்டர்ன். எல்லாம் ஒரே ஆள்தான். ஹவுஸ் என்றால் இங்கே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை பார்த்த இளம் டாக்டர்களுக்கு பிரிட்டனில் இருந்த பெயர் நம் ஊரிலும் ஒட்டிக்கொண்டது. தோல் வார்டில் வேலை பார்த்தாலும், மனநல வார்டில் வேலை பார்த்தாலும் பெயர் ஹவுஸ் சர்ஜன்தான்.

சட்டப்படி இவர் யார்? பயிற்சி தொடங்கும் முன்பே தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கிவிடுவார். ஆகவே வார்டில் நோயாளியைப் பார்க்கலாம், மருந்து எழுதலாம், ஊசி போடலாம், தையல் போடலாம். எல்லாம் மேலே இருக்கும் டாக்டரின் பொறுப்பில். ஆனால் மருத்துவச் சான்றிதழிலோ, இறப்புச் சான்றிதழிலோ, போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்ட காகிதத்திலோ தன் கையெழுத்தைத் தனியாகப் போட முடியாது. வருடம் முடிந்து, எல்லாத் துறையிலும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நிரந்தரப் பதிவு. "நீங்க டாக்டரா?" என்று யாராவது கேட்டால் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம். எனக்கு அந்தத் தயக்கம் போக மூன்று மாதம் ஆனது.

எதற்காக இப்படிச் சுற்ற வேண்டும்?

ஒரு துறையில் சில வாரம் இருப்பதை போஸ்டிங் என்கிறோம். என் காலத்தில் மெடிசின், சர்ஜரி, பிரசவம் எல்லாம் இரண்டிரண்டு மாதம் என்று கணக்கு. தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு எல்லாம் வாரக் கணக்கு: மெடிசின் 6, சர்ஜரி 6, பிரசவமும் பெண்கள் நலமும் 7, குழந்தைகள் 3, கேஷுவால்டி 2, எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம், மயக்க மருந்து ஆகியவை இரண்டிரண்டு வாரம் என்று போகும். இருப்பதிலேயே நீளமானது சமூக மருத்துவம், 12 வாரம். அதில் பெரும்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழியும். வருடம் முழுவதுக்கும் லீவு 15 நாள்தான். அதற்கு மேல் போனால் போன நாளைத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர்.

சுற்ற வைப்பதற்குச் சொல்லப்படும் காரணம் சரியானதுதான். நாளைக்கு ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் தனியாக உட்காரும் டாக்டரிடம் பாம்புக்கடியும் வரும், பிரசவ வலியும் வரும், காதில் பூச்சி போன குழந்தையும் வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கை பழகியிருக்க வேண்டும். எந்தத் துறையில் மேற்படிப்பு என்று முடிவெடுக்கவும் இது உதவும். ஆனால் சுற்றி முடித்தவளாக நான் இன்னொன்றும் சொல்வேன். ஒவ்வொரு துறையிலும் நேரம் வேறு வேறு வேகத்தில் ஓடுகிறது. எந்த நோய்க்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, எங்கே ஓட வேண்டும், எங்கே பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்பது பாடப் புத்தகத்தைப் படிக்கும்போது உடம்பில் ஏறுவதில்லை. அது ஏறுவதற்குத்தான் இந்தச் சுற்று என்று நான் நினைக்கிறேன்.

கேஷுவால்டியை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம், இரவு ஒன்பது மணி. வரப்பில் நடந்து வந்தவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று 108-ல் கொண்டுவருகிறார்கள். எந்தப் பாம்பு என்று யாருக்கும் தெரியாது. மேற்படிப்பு படிக்கும் டாக்டரான பி.ஜி. சொல்லும் முதல் வார்த்தை, "ஹவுஸ் சர்ஜன், சி.டி. போடுங்க." சி.டி. என்றால் இங்கே ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பது. புதிதாக வருபவர்கள் இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் போதும், ஹவுஸ் சர்ஜன் வேலை என்றால் என்னவென்று புரிந்துவிடும். ரத்தக் குழாயிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. கண்ணாடிச் சுவர் பட்டால்தான் ரத்தம் உறையத் தொடங்கும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றிவிடும். 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக அப்படியே நின்றால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து.

நான் முதல் முறை அந்தக் குழாயை வைத்துக்கொண்டு நின்றபோது பத்தாவது நிமிடத்திலேயே சாய்த்துப் பார்த்துவிட்டேன். பி.ஜி. அக்கா கோபப்படவில்லை. "இன்னொரு குழாய் எடு, புது ரத்தம் எடு, மணியைப் பார்த்துக்கிட்டு நில்லு" என்றார். மறுபடியும் ஊசி குத்தியது அந்த மனிதருக்குத்தான். இரண்டாவது முறை சுவர்க் கடிகாரத்துக்குக் கீழேயே நின்றேன். நிற்கும்போது சும்மா நிற்கக் கூடாது என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் ரத்தம் ஒழுங்காக உறையும், ஆனால் நரம்பு சோர்ந்துபோகும். அதனால் அந்த 20 நிமிடமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் இமை கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா? அன்றைக்குக் குழாய் ரத்தம் ஓடியது. கண்ணாடி விரியனாகவோ சுருட்டை விரியனாகவோ இருக்க வேண்டும். மருந்து ஏற்றினோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனை. விடியற்காலை நாலு மணிக்கு ரத்தம் கட்டியாக நின்றதைப் பார்த்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களே பலருக்கு இது தெரியாது. விஷமுறிவு மருந்து செய்யப் பாம்பு விஷமே வேண்டும். நாட்டில் அந்த விஷத்தைத் தரும் முக்கியமான இடம் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. விஷத்தை எடுத்த பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். சலைன் பாட்டிலில் அந்த மருந்தைக் கலக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

பிரசவ வார்டில் நேரத்தைப் பிடித்துவைக்க ஒரு காகிதமே இருக்கிறது. பார்ட்டோகிராம் என்று பெயர். ஹவுஸ் சர்ஜன் வயிற்றில் கை வைத்து, பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ண வேண்டும். அரை மணிக்கொரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக் குறிக்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம். நாங்கள் பயன்படுத்திய காகிதத்தில் கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறக்கும் என்ற கணக்கில் ஒரு சாய்கோடு அச்சடித்திருக்கும். நாம் வைக்கும் புள்ளிகள் அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போக ஆரம்பித்தால் சீனியரைக் கூப்பிட வேண்டும். பத்து நிமிடம் ஒரு பெண்ணின் வயிற்றில் கை வைத்து நிற்பது புத்தகத்தில் ஒரே வரி. நேரில் அவள் உங்கள் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வாள், விடமாட்டாள், கையில் நகம் பதியும். "இன்னும் எவ்வளவு நேரம் டாக்டரம்மா?" என்று கேட்பாள். காகிதத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லலாம். நான் பொய் சொல்லிப் பழகவில்லை. "தலைப் பிரசவம்மா, இன்னும் நாலு மணி நேரமாவது ஆகும், நான் இங்கேதான் இருப்பேன்" என்று சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள்.

குழந்தை வெளியே வந்ததும் நேரம் சட்டென்று சுருங்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குத் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைத் தடுக்க. முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் குழந்தைக்கு ஆப்கார் மதிப்பெண்: நிறம், இதயத் துடிப்பு, முகச்சுளிப்பு, கைகால் அசைவு, மூச்சு என ஐந்துக்கும் இரண்டிரண்டு, மொத்தம் பத்து. இதை 1953-ல் வெளியிட்ட வர்ஜீனியா ஆப்கார் மயக்க மருந்து நிபுணர். பிரசவ டாக்டரும் இல்லை, குழந்தை டாக்டரும் இல்லை. ஒரு துறையில் இருந்தவர் பக்கத்துத் துறையை உற்றுப் பார்த்ததால் கிடைத்த விஷயம் அது.

குழந்தைகள் வார்டில் முதல் வேலை எடை பார்ப்பது. எந்த மருந்தும் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பாராசிட்டமால் கூட கிலோவுக்கு 15 மில்லிகிராம். எடை தெரியாமல் எழுதிய சீட்டை எங்கள் வார்டு சிஸ்டர் கையால்கூடத் தொடமாட்டார், நல்லதுதான். டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் ஊசியின் நிறமும் இங்கே மாறும். விபத்தில் வருபவருக்குச் சாம்பல் நிற 16 அல்லது பச்சை 18, பெரியவர்களுக்குப் பொதுவாக ரோஸ் 20, குழந்தைக்கு நீலம் 22, கைக்குழந்தைக்கு மஞ்சள் 24. சிறிய எண் என்றால் பெரிய ஓட்டை. ஆரம்பத்தில் எல்லோரும் இதை மாற்றிப் புரிந்துகொள்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வரும். அதில் ஒரு விஷயம் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போது இருப்பதைவிட, காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று அம்மாக்கள் பையை எடுத்து வைக்கும் அதே நேரத்தில்தான் ஹவுஸ் சர்ஜன் மணிக்கொரு தடவை நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுவது, குழந்தை துவண்டு படுப்பது இருந்தால் உடனே சீனியருக்குச் சொல்ல வேண்டும். இதை அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்ல நேரம் இருப்பது பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜனுக்கு மட்டும்தான்.

கண், காது மூக்கு தொண்டை, தோல் இதெல்லாம் சீக்கிரம் ஓடிவிடும். எலும்பு வார்டில் மாவுக்கட்டு போடப் பழகலாம். மனநல வார்டில், பேச்சை நடுவில் வெட்டாமல் ஒருவரைக் கேட்கப் பழகலாம். அந்தப் பழக்கம் மற்ற எல்லா வார்டிலும் கைகொடுத்தது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மெடிசின், சர்ஜரி இரண்டிலும் டாக்டர்கள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருப்பார்கள். மேலே சீஃப், அடுத்து உதவிப் பேராசிரியர்கள், அப்புறம் பி.ஜி.க்கள், கடைசியில் நாம். வாரத்தில் ஒரு நாள் அந்த யூனிட்டின் அட்மிஷன் டே. அன்றைக்கு 24 மணி நேரத்தில் சேரும் நோயாளிகள் எல்லோரும் அந்த யூனிட்டைச் சேர்ந்தவர்கள். வீடு திரும்பும் வரை அவர்களே பார்ப்பார்கள். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஏழு மணிக்கே வந்து ரத்தம் எடுத்தாக வேண்டும். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களுக்கு, சாம்பல் சர்க்கரைக்கு, சிவப்பு கிட்னி, லிவருக்கு, நீலம் ரத்தம் உறைவதைப் பார்க்க. நீல மூடியில் கோடு வரை சரியாக விட வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் லேபில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரவுண்ட்ஸில் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, ஸ்கேனுக்குத் தேதி வாங்கி, டிரெஸ்ஸிங் மாற்றி, டிஸ்சார்ஜ் எழுதி முடிக்கும்போது மதியம் தாண்டியிருக்கும்.

டிஸ்சார்ஜ் எழுதுவதை எல்லோரும் எழுத்து வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த வேலை. இன்சுலின் எழுதிக்கொடுத்த ஒரு பாட்டியிடம், வீட்டில் எந்த சிரிஞ்சு என்று சும்மா கேட்டேன். பேரன் வாங்கி வந்ததைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு மூடி. அது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. நாங்கள் கொடுத்த பாட்டிலோ மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு வேண்டும். அப்படியே போட்டிருந்தால் அவருக்கு வேண்டிய அளவில் பாதிகூடப் போயிருக்காது. சர்க்கரை ஏறி, அடுத்த வாரமே திரும்பி வந்திருப்பார். பத்து நிமிடம் சிரிஞ்சைக் கையில் கொடுத்துப் பழக்கி அனுப்பினேன்.

கஷ்டங்களையும் சொல்லத்தான் வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் தலையில் விழும். ஒருமுறை ரத்த வங்கிக்கு நானே போய் நின்றதால், முறையாகப் பொருத்தம் பார்க்க முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்துகொண்டேன். அது ஒரு நாள் தெரிந்துகொள்ள வேண்டியது. தினமும் அதையே செய்தால் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டிய டாக்டர் வராந்தாவில் இருக்கிறார் என்று அர்த்தம். அது நோயாளிக்கு நஷ்டம். இன்னொரு பக்கம், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதற்காகப் போஸ்டிங்கையே ஒப்பேற்றிவிடும் நண்பர்களும் உண்டு. அந்தப் பரீட்சையின் பயம் எனக்கும் தெரியும். ஆனால் சீனியர் பக்கத்தில் நிற்க, கை நடுங்கினாலும் தையல் போட்டுப் பழக இந்த ஒரு வருடத்தை விட்டால் வேறு வருடம் கிடையாது.

ஊசி குத்திக்கொள்வதைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 24 மணி டூட்டியின் கடைசியில், பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப் போய் என் விரலில் குத்திக்கொண்டேன். செய்ய வேண்டியது இதுதான்: சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், உடனே மேலே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் பயிற்சி தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடவே போடாதீர்கள். நேராக வெள்ளை டப்பாவில் போடுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்துவைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

இனி கிராமத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் நிமிடமும் மணியுமாக ஓடிவிட்டு அங்கே போனால் முதல் வாரம் வேலையே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம்தான் தெரியும், அங்கே கணக்கு மாதத்தில். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை: இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, உடம்பு தேறி, பலர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது மாதம் மாத்திரையை விட்டவரைத் தேடி, கிராம சுகாதார செவிலியர் அக்காவோடு செங்கல் சூளைக்குப் போனேன். அவர் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் நோயைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேரப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டார். புதன்கிழமை கூட்டிவரச் சொல்லிவிட்டு, "வரும்போது நீயும் வந்து உன் மாத்திரைய வாங்கிக்கோண்ணா" என்றார். புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள்.

கடைசிப் போஸ்டிங் முடியும் இரவில் அடுத்த பேட்ச் தம்பி ஒருவன் குழந்தைகள் வார்டுக்கு வந்து சேர்ந்தான். கோட்டில் மடிப்புக் கலையவில்லை. ஒன்பது மாதக் குழந்தைக்கு டிரிப் போட வேண்டும், மஞ்சள் வென்ஃப்ளான் எங்கே இருக்கும் என்று மெதுவாகக் கேட்டான். சிஸ்டர் மேஜையில் இரண்டாவது டிராயர், பஞ்சு டப்பாவுக்குப் பின்னால் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன்.